மூத்தம்மாவின் வெள்ளியைச் செய்தது யார்?

கொஞ்சம் நீண்ட பதிவு. வேலை முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

வெள்ளி விலை ஏறியதிலிருந்து எங்கள் ஊர்களில் ஒன்று நடக்கிறது. பெட்டகத்தின் அடியில் பழைய சீலைத் துண்டுக்குள் சுற்றிக் கிடந்த தண்டை, காப்பு, அரைஞாண், அரைமூடி, இசிம் கூடு எல்லாம் வெளியே வருகின்றன. தராசில் வைக்கிறார்கள், விலை பேசுகிறார்கள். பின்னேரத்துக்குள் அவை உருகிக் கட்டியாகிவிடுகின்றன. அந்தக் காசுக்குப் பேத்திக்கு ஒரு மெல்லிய தங்கச் சங்கிலி வருகிறது.

விற்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வீட்டுக் கஷ்டம் வீட்டாருக்குத்தான் தெரியும். ஆனால் வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு ஒரு கவலை இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி எழுதி வைத்த புத்தகம் மிகக் குறைவு. அவர்கள் உடுத்ததும் பூட்டியதும்தான் அவர்கள் விட்டுப்போன ஏடு. அந்த ஏட்டை ஒரு தடவைகூட வாசிக்காமல் உருக்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நகைகள் எங்கிருந்து வந்தவை என்று கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். ஒன்று: "இது அரபு நாட்டு நகை, எங்கள் முன்னோர் கப்பலில் கொண்டுவந்தது." மற்றது: "இது தமிழாக்களின் நகை, நம்மவர்கள் பார்த்துப் போட்டது." இரண்டையும் சொல்பவர்கள் நகையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பதில் பெரும்பாலும் நகையின் பின்பக்கத்தில் இருக்கிறது.

செய்த கை

எங்கள் வாவியின் இரு கரையிலும், எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், பொன்னும் வெள்ளியும் தட்டுவது தட்டாரின் குலத்தொழில். கொல்லர், தச்சர், கன்னார், சிற்பியர், தட்டார் என்ற ஐந்தொழிற் கம்மாளரில் ஒரு பிரிவினர் அவர்கள். தமிழர்கள், இந்துக்கள். எங்கள் முன்னோர் வயல் செய்தார்கள், மீன் பிடித்தார்கள், நெசவு நெய்தார்கள், தவளம் கட்டி வியாபாரம் போனார்கள். நகை வேண்டுமென்றால் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பத்தரிடம் போனார்கள், அல்லது பத்தர் வீட்டுக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் கடைக்குப் போய் செய்து வைத்த நகையை வாங்குகிற பழக்கம் குறைவு. வெள்ளியை வீட்டார் கொடுப்பார்கள். பத்தர் நிறுத்து வாங்குவார், கூலி பேசுவார், சேதாரம் பேசுவார். குமுட்டியில் கரி மூட்டி, ஊதுகுழலால் ஊதி உருக்குவார். கம்பியச்சில் இழுத்துக் கம்பியாக்குவார். வெங்காரம் வைத்துப் பற்றாசு போட்டு ஒட்டுவார். பூ வேலை செய்ய வேண்டிய தகட்டை அரக்கின் மேல் பதித்து, பின்னாலிருந்து தட்டிப் புடைக்க வைப்பார். நிறுக்கக் குன்றிமணி, மஞ்சாடி. தரம் பார்க்க உரைகல்.

செய்தவர் தன் பெயரை அதில் குத்தவில்லை. தேவையும் இருக்கவில்லை. இன்ன ஊர்ப் பத்தர், இன்னாருடைய மகன் என்று எல்லோருக்கும் தெரியும். முத்திரைக்குப் பதிலாக முகம் இருந்தது. அதனால்தான் இன்று கஷ்டப்படுகிறோம். முகம் மறைந்தவுடன் பெயரும் போய்விட்டது.

வடிவங்களைப் பார்த்தால் கொடுக்கல் வாங்கல் புரியும். தண்டை, காப்பு, அரைஞாண் ஆகியவை தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் வீட்டுக்கென்று செய்யும்போது இலட்சுமி உருவமோ வேறு உருவமோ வராது. பூ, கொடி, சில வேளை பிறை வரும். தாயத்துக் கூட்டின் அமைப்பு இரு வீட்டாருக்கும் ஒன்று, உள்ளே வைக்கும் எழுத்துத்தான் வேறு. கேட்பவரின் மார்க்கம் எது, எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அந்த இந்துப் பத்தருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

வெள்ளி வந்த வழி

இலங்கையில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. அப்படியென்றால் மூத்தம்மாவின் தண்டையில் இருக்கும் வெள்ளி எங்கிருந்து வந்தது? பெரும் பகுதி காசிலிருந்து.

பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாய் ஒன்று 11.66 கிராம். அதில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு வெள்ளி. அந்த ரூபாய் இலங்கையிலும் புழங்கியது. 1892 முதல் இலங்கைக்கென்று வெள்ளியில் 50 சதம், 25 சதம், 10 சதம் அடித்தார்கள். அவற்றில் 80 பங்கு வெள்ளி. முதலாம் உலக யுத்தத்துக்குப் பின், 1919இல், அது 55 பங்காகக் குறைந்தது. ஆகவே "ராணி காசு நல்லது, பிந்திய காசு ஆகாது" என்று பழையவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நகைக்கு ரூபாயைத் தேடி எடுத்ததும் இதனால்தான்.

செங்கடல் பக்கம் வேறு காசு. மரியா தெரேசா என்ற ஒஸ்திரிய அரசியின் முகம் போட்ட பெரிய வெள்ளி, ஒன்று 28 கிராம், 83 பங்கு வெள்ளி. எந்த ஆண்டில் அடித்தாலும் அதில் 1780 என்றே இருக்கும். யெமனிலும் எத்தியோப்பியாவிலும் இருபதாம் நூற்றாண்டு வரை அதுதான் காசு, அதுதான் நகைக்கு வெள்ளி.

எனவே ஒரு நகையின் தரம் 90ஐத் தாண்டினால் ரூபாய் உருக்கியதாக இருக்கலாம். 80ஐ ஒட்டி நின்றால் வேறு காசைப் பற்றி யோசிக்கலாம். இது துப்புத்தான், தீர்ப்பு அல்ல. பத்தர் பழைய நகையையும் காசையும் ஒன்றாக உருக்கியிருப்பார்.

"அரபு நகை"யைச் செய்தது யார்?

சரி, உண்மையாகவே அரபு நாட்டிலிருந்து, ஹஜ்ஜுக்குப் போனவர் கொண்டுவந்த ஒரு வெள்ளி மாலை உங்கள் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக் குமிழ்கள், நடுநடுவே மஞ்சள் அம்பர் மணிகள், கீழே ஒரு தாயத்துக் கூடு. யெமன் வேலையாக இருக்கலாம். அதைச் செய்தது யார்?

யெமனில் 1950க்கு முன் வெள்ளி வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் யூதர்கள். ஸன்ஆவிலும் மலைக் கிராமங்களிலும் முஸ்லிம் மணப்பெண்களுக்கு நகை செய்தது அவர்கள். குர்ஆன் வசனம் வைக்கும் கூட்டைச் செய்ததும் அவர்கள். சில குடும்பத்தினர் தங்கள் பெயரைச் சிறு முத்திரையாகக் குத்தி விட்டார்கள். புகழ்பெற்ற அல்பவ்ஸானி குடும்பத்தின் வேலையை இன்றும் கண்டுபிடிக்கிறார்கள். 1949, 1950ஆம் ஆண்டுகளில் யெமன் யூதர்கள் சுமார் 49,000 பேர் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அந்தத் தொழிலின் பெரும் பகுதி ஒரே வருடத்தில் ஊரை விட்டுப் போய்விட்டது. மொரோக்கோவிலும் வெள்ளி வேலையில் யூதப் பத்தர்களின் பங்கு பெரியது.

முஸ்லிம்கள் ஏன் அந்தத் தொழிலைச் செய்யவில்லை என்று கேட்டால் பலர் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. வெள்ளிக்கு வெள்ளி மாற்றும்போது நிறை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். காசைக் கொடுத்து, கூலியையும் அதிலேயே கழித்து நகையாக வாங்கினால் ரிபா வந்துவிடுமோ என்ற பயம். அதனால் ஒதுங்கினார்கள் என்பார்கள். அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஆனால் நினைவில் வைக்க வேண்டிய காரணம்.

யூதர் என்றவுடன் சிலருக்கு மனம் கசக்கும். காஸாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அது புரிகிறது. ஆனால் இன்றைய ஓர் அரசு செய்யும் அநியாயத்தை அன்றைய ஸன்ஆவில் ஊதுகுழல் ஊதிய ஓர் ஏழைத் தொழிலாளியின் தலையில் போடுவது நீதியல்ல.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வெளிநாட்டார் அந்த நகைகளை வாங்கி "பதவி நகை", "அரபு நகை" என்று பெயர் போட்டு விற்றார்கள். அணிந்தவரின் பெயர் நின்றது, செய்தவரின் பெயர் போனது. எங்கள் ஊரிலும் அதுதான் நடந்தது. "சோனகர் நகை" என்கிறோம். அணிந்தது நாங்கள், செய்தது தட்டார். ஒரு நகைக்கு இரண்டு பெயரும் வேண்டும்.

அம்பர் என்பது எது?

எங்கள் ஊரில் அம்பர் என்றால் அத்தர் வியாபாரி ஒன்றைச் சொல்வார், தஸ்பீஹ் வைத்திருப்பவர் இன்னொன்றைச் சொல்வார். இரண்டும் வேறு. வாசனைக்குப் போடும் அம்பர் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கடலில் மிதந்து வருவது. மணியாகக் கோர்க்கும் அம்பர் மரப்பிசின். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து கல் போல் இறுகியது. உலகில் அதிகம் கிடைப்பது போல்டிக் கடற்கரையில், வயது 4 கோடி ஆண்டு அளவில். அரபியில் அன்பர் என்பது முதலாவது. இரண்டாவதுக்குப் பாரசீகச் சொல் கஹ்ருபா, அதாவது வைக்கோலைக் கவர்வது. தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பதால் அந்தப் பெயர். அரபியில் மின்சாரத்துக்குச் சொல்லும் கஹ்ரபா அதிலிருந்து வந்ததுதான். மத்ரஸாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், மறக்க மாட்டார்கள்.

ஆனால் மஞ்சளாக இருப்பதெல்லாம் அம்பர் அல்ல. 1907இல் பேக்லண்ட் என்பவர் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு அந்த வகைச் செயற்கைப் பிசினில் அம்பர் போன்ற மணிகள் ஐரோப்பாவில் செய்யப்பட்டு அரபு நாடுகளுக்கும் ஆபிரிக்காவுக்கும் போயின. அங்கிருந்து ஹஜ் சாமான்களோடு இங்கேயும் வந்தன. மணி அம்பராக இல்லாவிட்டால் மாலை பொய் என்று ஆகாது. மாறாக, மணி பேக்கலைட்டாக இருந்தால் அது 1907க்குப் பிந்தியது என்று சொல்ல ஒரு சாட்சி கிடைக்கிறது.

வீட்டில் எப்படிப் பார்ப்பது?

முதலில் மினுக்காதீர்கள். புளி போட்டுத் தேய்த்தால் கறுப்போடு சேர்ந்து அடையாளமும் போய்விடும். மெல்லிய துணியால் தூசியை மட்டும் துடையுங்கள்.

பின்பக்கத்தையும் கொளுக்கியையும் பாருங்கள். கம்பியின் தடிப்பு இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், பற்றாசு வழிந்த தடம் தெரியும். கைவேலையில் இரண்டு தண்டை ஒருபோதும் அச்சொட்டாக ஒன்றாக இராது. ஓரத்தில் நேரான ஒட்டுக் கோடு ஓடி, இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அச்சில் வார்த்ததாக இருக்கலாம்.

இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 925 என்று இருந்தால் பெரும்பாலும் பிந்திய கடை நகை. வளைகுடாவிலிருந்து வந்த தங்கத்தில் 875 இருக்கும், அது 21 கரட். எங்கள் பழைய வெள்ளியில் அநேகமாக ஒன்றும் இராது. இலக்கம் இல்லை என்பதற்காகக் "கலப்பு" என்று விலை குறைப்பவரை நம்பிவிடாதீர்கள்.

வெள்ளியா, ஜேர்மன் சில்வரா? பிந்தியதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், நாகம் மட்டும். நகையைத் தராசில் நிறுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். 105 கிராம் நகை தண்ணீருக்குள் 95 கிராம் காட்டினால் குறைவு 10. 105ஐ 10ஆல் வகுத்தால் 10.5. சுத்த வெள்ளிக்கு வர வேண்டியது அதுதான். காசு வெள்ளிக்கு 10.3 அளவில் வரும். எட்டரையை ஒட்டி வந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே அரக்கு நிரப்பிய தண்டைக்கு இந்தக் கணக்குச் சரிவராது, அதைத் தண்ணீரில் போடவும் வேண்டாம்.

மணியைக் கம்பளித் துணியில் தேய்த்து, பொடியாகக் கிழித்த கடதாசிக்குப் பக்கத்தில் பிடியுங்கள். அம்பர் இழுக்கும். சில பிளாஸ்டிக்கும் இழுக்கும் என்பதால் அத்தோடு நிற்க வேண்டாம். தனி மணியாக இருந்தால், ஒரு கோப்பைத் தண்ணீரில் எட்டுத் தேக்கரண்டி உப்புக் கரைத்துப் போடுங்கள். அம்பர் மிதக்கும், பேக்கலைட் தாழும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அந்தத் துளை பிறகு மூடாது.

சரியான தரம் தெரிய வேண்டுமென்றால், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் உரைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது.

தாய்வழியாகக் கேளுங்கள்

நகையை விடப் பெரிய சாட்சி வீட்டில் இருக்கிறது. எங்கள் கரையில் குடி தாய்வழி. வீடு மகளுக்கு, மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் வந்து தங்கி ஆராய்ந்து, 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அரபு நாட்டில் இந்த வழக்கம் இல்லை.

இதனால் எங்களுக்கு ஒரு வசதி. நகை உம்மாவிடமிருந்து மகளுக்கு, அநேகமாக அதே வளவுக்குள்ளேயே போகும். ஆகவே உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா என்று மேலே போய்க் கேளுங்கள். எந்தக் கலியாணத்துக்குச் செய்தது? வெள்ளி யார் கொடுத்தது? பத்தர் எந்த ஊர்? வீட்டுக்கு வந்து செய்தாரா? கேட்பவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. ஆண்களுக்குத் தெரியாத பல விஷயம் பெண்களின் பேச்சில் இருக்கிறது.

காகிதமும் பாருங்கள். கடுத்தத்தில் மஹரும் கைக்கூலியும் எழுதப்பட்டிருக்கும். பழைய அடகுச் சிட்டை இருந்தால் எறியாதீர்கள். நகையின் பெயர், நிறை, திகதி மூன்றும் ஒரே துண்டில் கிடைப்பது அதில்தான்.

1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் சுனாமியும் எங்கள் கரையில் எத்தனையோ பெட்டகங்களைக் கொண்டுபோய்விட்டன. மிஞ்சியிருப்பது கொஞ்சம்.

ஏன் இது முக்கியம்?

1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற 100க்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரில் நடந்தது. செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டன. அதற்குப் பிறகு ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகவே பயம். பத்தரிடம் போன பாதையும் அடைபட்டது. முற்றத்தில் குமுட்டி வைத்து வேலை செய்த பத்தரைப் பார்த்தவர்கள் இன்று முதியவர்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு நகை என்றால் கண்ணாடிக் கடை மட்டும்தான்.

அந்த இழப்பை யாரும் கணக்கெடுக்கவில்லை. உயிர்களின் கணக்குக்கு முன்னால் அது சிறியதுதான். ஆனால் இன்று இரு பக்கத்துப் பிள்ளைகளும் "அவர்களுக்கும் நமக்கும் எப்போதும் ஆகாது" என்று நம்பிக்கொண்டு வளர்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல மேடைப் பேச்சுத் தேவையில்லை. ஒரு தண்டை போதும். முஸ்லிம் பெண்ணின் காலுக்கு அளவெடுத்து, அவளுடைய மார்க்கத்துக்கு ஏற்பப் பூ வைத்து, ஓர் இந்துப் பத்தர் தட்டியது. கொடுத்த வெள்ளியை அவர் குறைக்கவில்லை என்று அந்த வீடு நம்பியது. அடுத்த மகளின் கலியாணத்துக்கும் அவரிடமே போனது.

எங்கள் வேரை அரபு நாட்டில் மட்டும் தேடுபவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறோம். மார்க்கம் அங்கிருந்து வந்தது, அல்ஹம்துலில்லாஹ். காலில் போட்ட தண்டை இங்கே தட்டியது. இதைச் சொல்வதால் எங்கள் ஈமானில் ஒரு குன்றிமணியும் குறையாது.

கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். விற்பதென்றாலும் விற்கும் முன் படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், கொளுக்கி, பக்கத்தில் ஓர் அடிமட்டம். நிறையை எழுதுங்கள். மூத்தம்மா சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். நகை வீட்டில் இருக்கும் விபரத்தையும் முகவரியையும் முகநூலில் போடாதீர்கள், கள்ளனுக்கு வழி காட்ட வேண்டாம். கொடுத்துவிட மனம் இருப்பவர்கள் காத்தான்குடி பூர்வீக நூதனசாலையில் விசாரியுங்கள். கொடுக்கும்போது "முஸ்லிம் பெண்கள் அணிந்தது" என்று மட்டும் எழுதாமல், தெரிந்தால் பத்தரின் ஊரையும் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

தட்டார் குடும்பங்களில் இந்தப் பதிவை வாசிப்பவர்கள் இருந்தால், உங்கள் அப்பாவோ தாத்தாவோ எங்கள் ஊர்களுக்கு வந்து வேலை செய்தாரா என்று கீழே எழுதுங்கள். எந்த ஊர், எந்த வளவு என்று ஞாபகம் இருப்பதை எழுதினால் போதும். அந்த வீட்டாரைத் தேடிக் கேட்பது எங்கள் வேலை, இன்ஷா அல்லாஹ்.